பாசி பிடித்த குளம்



தபசு காலத்தின் நடுவிலே நிற்கிறோம். இந்த வாரம் நான் எழுதப்போவது வீட்டு நீச்சல் குளத்தில் பிடிக்கும் பாசியைப் பற்றி. "சுவாமியாருக்கு என்ன வந்தது?" என்று சிரிக்க வேண்டாம். நம் பங்கிலே வீட்டுக்குள் நீச்சல் குளம் கட்டி வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு எது? மேலூர்ப் பக்கமோ சோழவந்தான் பக்கமோ தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் குதித்துக் கும்மாளமிட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தொட்டியின் விளிம்பிலே வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்த தழும்பு ஒன்று எனக்கே உண்டு. ஆகையால் பாசி எல்லாருக்கும் பழக்கமானதுதான்.

பொங்கல் கழிந்த வாரத்திலே ஒரு வீட்டை மந்திரிக்கப் போனேன். நடந்ததை அந்த வீட்டுப் பெரியவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதும் அல்ல. யார் என்று தேடிப் போகாதீர்கள்; தேடினால் நீங்கள் இந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்து முடித்தபின், "பின்புறமும் வாங்க சாமி" என்று பெரியவர் அழைத்தார். பேரப்பிள்ளைகளுக்காக அவர் ஆசையோடு கட்டிய நீச்சல் குளம் அங்கே இருந்தது. எட்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம். திறப்பு நாளன்று நானே மந்திரித்தேன். அன்று அடியிலே கிடந்த ஐந்து பைசாக் காசுகூடத் தெரிந்தது. இன்றோ கீரை வேகவைத்த தண்ணீரைப் போல ஒரே பச்சை. வேப்பிலை மிதக்கிறது. கொசு மொய்க்கிறது. படியில் கால் வைத்தால் வழுக்குகிறது.

"மண் அடிச்சு மூடிடலாம்னு இருக்கேன் சாமி" என்றார்.

"ஏன் ஐயா?"

"இறங்குறதுக்குத்தான் பிள்ளைக இல்லையே."

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு மகன்கள். பாகப்பிரிவினைப் பேச்சிலே அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய் தடித்தது. பிறகு ஒருவர் வரும் நாளில் மற்றவர் வருவதில்லை என்று ஆகி, கடைசியில் இருவருமே வருவதில்லை என்று முடிந்தது. பேரப்பிள்ளைகள் வராத வீட்டில் மோட்டார் எதற்கு, கரண்டு செலவு எதற்கு என்று பெரியவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் குப்பையும் தூசியும் சேர்ந்தன. பாசி வந்தது.

ஊரிலே நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்து வரச் சொன்னேன். வந்தவர் தண்ணீரை ஒரு சின்னக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். பிறகு, "மூட வேண்டாம், தண்ணியை இறைச்சுக் கொட்டவும் வேண்டாம். இதே தண்ணியைத் தெளிய வச்சுத் தர்றேன்" என்றார். அன்றைக்கு அவரிடம் கேட்டதும், பின்பு நான் புத்தகங்களில் படித்துச் சரிபார்த்ததும் உங்களுக்கும் பயன்படும், ஆத்துமத்துக்கும் பயன்படும்.

பாசி எங்கிருந்து வருகிறது? யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்து காற்றிலும் தூசியிலும் மழைநீரிலும் மனிதர் காலிலும் வந்து விழுகிறது. அதைத் தடுக்க எந்தச் சுவராலும் ஆகாது. ஆனால் விழுந்த வித்தெல்லாம் முளைப்பதில்லை. வெயில் வேண்டும்; அழுகிய இலையிலிருந்தும் வேர்வையிலிருந்தும் உரத் தூசியிலிருந்தும் வரும் சத்து வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும்; அதைக் கொல்லும் மருந்தும் தண்ணீரில் இல்லாமற் போக வேண்டும்.

சோதனையும் அப்படித்தான். கெட்ட நினைவு மனத்தில் வந்து விழுவது பாவமல்ல. பெரிய அர்ச்சியசிஷ்டவர்களுக்கும் அது வந்தது. வந்ததை அசையாத தண்ணீரிலே தங்கவிட்டு, உள்ளே கிடக்கும் குப்பையை அதற்கு உணவாகப் போடுவதே பாவத்தின் தொடக்கம். அந்த வீட்டிலே மகன்கள் பேசிய கடுஞ்சொல் ஒரு நாழிகைச் சொல்தான். மறுநாளே ஒருவர் போன் செய்திருந்தால் அது வித்தோடு செத்திருக்கும். இரண்டு வருஷம் அசையாமல் நின்றதால் அல்லவா பச்சை பிடித்தது!

நம் நாட்டுப் பெரியோர் நீரின் இந்தக் குணத்தை அறிந்திருந்தார்கள். மதுரைச் சீமையிலே கண்மாய் வெட்டியவர்கள் வெறும் பள்ளம் தோண்டிவிட்டுப் போகவில்லை. நீர் உள்ளே வர வரத்துக்கால், வயலுக்குப் பாய மடை, மிஞ்சியது வழிந்தோடக் கலுங்கு என்று மூன்றையும் வைத்தார்கள். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய குளம் வைகையிலிருந்து வரும் கால்வாயை நம்பியே இருந்தது. வரத்து நின்ற காலத்தில் பல வருஷம் வறண்டு கிடந்து, பிள்ளைகள் பந்தாடும் மைதானமாகவே ஆகிவிட்டது. வரத்தைச் சீராக்கியபின் மறுபடி தண்ணீர் கண்டது. வீட்டு நீச்சல் குளத்துக்கோ வரத்துக்காலும் இல்லை, கலுங்கும் இல்லை. அந்த இரண்டின் வேலையையும் மோட்டாரும் வடிகட்டியுமே செய்ய வேண்டும். நாள்தோறும் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒருமுறையாவது வடிகட்டி வழியே சுற்றி வரவேண்டும் என்பது பொதுவான விதி. அதை நிறுத்தினால் குளம் குளமாயிராது, குட்டையாகிவிடும்.

தேவ வரப்பிரசாதம் உள்ளே வருவதும், அது தருமமாகவும் மன்னிப்பாகவும் பிறருக்குப் பாய்வதும் நின்றுபோன வீடும் இப்படியே. வாசலில் திரு இருதயப் படம் இருக்கும். மாலையிலே விளக்கும் எரியும். ஆனால் உள்ளே தண்ணீர் நிற்கும்.

நீச்சல் குளத்துப் பாசியிலே மூன்று விதம் சொன்னார் அந்த இளைஞர். முதலாவது பச்சை. சீக்கிரம் வரும், எல்லார் கண்ணுக்கும் தெரியும், மருந்துக்குச் சீக்கிரம் மடியும். கோபத்திலே கத்துவது இதைப் போன்றது. இரண்டாவது மஞ்சள். நிழல் விழும் சுவரிலே மண் படிந்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தால் கலைந்து போகும், இரண்டு நாளில் அதே இடத்தில் வந்து நிற்கும். புறணி பேசுவது இந்த ஜாதி. மூன்றாவது கறுப்பு. உண்மையில் இது பாசிச் செடியே அல்ல, உலகத்தின் மிகப் பழைய உயிர்களான நீலப்பச்சைப் பாக்டீரியா வகை என்கிறார்கள் சாஸ்திரிகள். சிமெண்டின் நுண்ணிய துளைகளிலே பிடித்துக்கொண்டு, தன்மேல் ஒரு வழவழப்பான போர்வையைப் போர்த்திக்கொள்ளும். மருந்தை மேலே கொட்டினால் போர்வையைத் தாண்டி உள்ளே இறங்காது. முதலில் கம்பித் தூரிகையால் போர்வையைக் கிழிக்க வேண்டும்; பிறகே மருந்து வேலை செய்யும். வன்மம் என்பது இந்தக் கறுப்புப் பாசி. "எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது சாமி, பேச்சு வார்த்தைதான் கிடையாது" என்று சொல்லுகிறோமே, அதுதான் அந்தப் போர்வை.

இனி மருந்தைக் கேளுங்கள்.

முதற்காரியம் சோதிப்பது. தண்ணீரின் பி.எச். அளவு 7.2க்கும் 7.6க்கும் இடையே இருக்க வேண்டும். காரம் ஏறி 8ஐத் தொட்டால், போடும் குளோரினில் பெரும்பகுதி கிருமியைக் கொல்லும் வலுவை இழந்துவிடும். அளவு பார்க்காமல் மருந்து கொட்டுகிறவன் காசைத் தண்ணீரில் கொட்டுகிறான். ஆத்தும சோதனை செய்யாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து, "வழக்கமான பாவங்கள்தான் சாமி" என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தேய்ப்பது. சுவர், படி, மூலை, ஏணியின் பின்புறம் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகை சிமெண்டுக்கு மட்டும். ஓடு பதித்த இடத்துக்கு நைலான் தூரிகை போதும். யாரும் பார்க்காத ஏணிக்குப் பின்னால்தான் பாசி அதிகம் என்றார் இளைஞர். நான் ஒன்றும் சொல்லவில்லை, மனத்தில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது மருந்து. சாதாரண நாளில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் தண்ணீரில் இருந்தால் போதும். பாசி பிடித்தபின் அது பற்றாது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்காவது ஏற்ற வேண்டும். அந்தப் பெரியவருடைய குளம் 50,000 லிட்டர். ஆகவே 500 கிராம் குளோரின் தேவை. 65 சதவீத வலுவுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளானால் ஏறக்குறைய 770 கிராம். பச்சை கடுமையாயிருந்தால் மறுபடியும் போட வேண்டிவரும். பொழுது சாய்ந்தபின் போடுவது முக்கியம். மதுரை வெயில் சில மணி நேரத்திலேயே குளோரினின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இங்கே தாய்மார்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தூளைத் தண்ணீரில் போட வேண்டுமேயன்றி, தூளின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. குளோரின் தூளோடு ஆசிட்டை ஒருபோதும் கலக்கக்கூடாது. கழிப்பறை கழுவும்போதும் கலக்கக்கூடாது. அதிலிருந்து எழும் வாயு நுரையீரலை அழிக்கும், உயிரையும் வாங்கும். மருந்தளவு 3 மில்லிகிராமுக்கு இறங்கி, அடித்தரை தெளிவாகத் தெரியும்வரை பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கிய பிள்ளை மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

சிலர் மயில்துத்தம் போடலாமா என்று கேட்பார்கள். 1904இல் அமெரிக்காவிலே மூர், கெல்லர்மன் என்னும் இருவர் ஏரிப் பாசியை அது கொல்லும் என்று எழுதி, அதன்பின் பல தேசங்களிலும் அது பரவியது உண்மை. ஆனால் அளவு தப்பினால் மீன் சாகும். குளத்துச் சுவரில் கறை ஏறும். இன்னும் சிலர் நம் பாட்டிமாரின் தேற்றாங்கொட்டையைச் சொல்வார்கள். நல்ல பொருள்தான், பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் அடியில் இறங்கி மேலே தெளியும். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. தபசு காலத்திலே இறைச்சியை விடுவதும் சிலுவைப் பாதைக்கு வருவதும் மிகவும் நல்லவை. சகோதரனோடு சமாதானம் ஆகாமல் அவற்றை மட்டும் செய்தால், கலங்கல் அடியில் இறங்கும்; ஒரு கல் விழுந்தால் மறுபடி மேலே வரும்.

கிணற்றிலே போடும் பிளீச்சிங் தூளைக் கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் டென்னன்ட் 1799இல் சுண்ணாம்பிலிருந்தும் குளோரினிலிருந்தும் செய்தார். அந்தக் குளோரின் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? உப்பிலிருந்து! உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் இன்று அதை எடுக்கிறார்கள். தூத்துக்குடி அளத்திலே விளைந்து உங்கள் வீட்டுச் சாடியில் கிடக்கும் உப்பு எதுவோ, அதற்குள்ளேதான் தண்ணீரைச் சுத்தமாக்கும் மருந்து ஒளிந்திருக்கிறது. எலிசேயு தீர்க்கதரிசி எரிக்கோ ஊரின் கெட்ட நீரூற்றிலே உப்பைப் போட்டு ஆண்டவர் பேரால் அதைச் சொஸ்தமாக்கினார் என்று பழைய ஏற்பாட்டில் படிக்கிறோம். நம் ஆண்டவரும் தம் சீஷர்களைப் பூமியின் உப்பு என்றழைத்தார். நிற்கும் தண்ணீரிலே கரைந்துபோக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிடி உப்பு வேண்டும். கரைய மனமில்லாத உப்பால் ஆவதொன்றுமில்லை.

நான்காவது காரியம் பொறுமை. மறுநாள் காலை பெரியவர் எனக்குப் போன் செய்து, "சாமி, பச்சை போச்சு, ஆனா தண்ணி சுண்ணாம்பு கரைச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. முந்தியைவிட மோசம்" என்றார். செத்த பாசி அப்படித்தான் தெரியும் என்று இளைஞர் விளக்கினார். மோட்டாரை இரவும் பகலும் ஓட்டி, வடிகட்டியை அடிக்கடி திருப்பிக் கழுவி, படிகாரம் இட்டு மிச்சத்தை அடியில் படியவைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் தரை தெரிந்தது. சமாதானம் பேசப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கக் கடவார்கள். முதல் பேச்சிலே பழைய கணக்கெல்லாம் கிளம்பி வெளியே வரும், முன்னைவிடக் கலங்கலாயிருக்கும். அதைக் கண்டு மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீரை இறைத்துக் கொட்டாதது ஏன் என்றும் சொல்லுகிறேன். 50,000 லிட்டர் என்றால் 10,000 லிட்டர் லாரி ஐந்து. 1895இல் பெரியாற்று அணையால் மேற்கே ஓடிய நீரை வைகைக்குத் திருப்பினார்கள். 1959இல் வைகை அணையும் வந்தது. அப்படியிருந்தும் கோடையிலே மதுரைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் கீழே பெரும்பாலும் மணல்தான். அந்த ஊரில் ஐந்து லாரித் தண்ணீரைத் தெருவில் விடுவது பாவம். அன்றியும், காரணத்தைத் தீர்க்காமல் புதுத் தண்ணீர் நிரப்பினால் சில வாரத்தில் அதுவும் பச்சைதான். உறவை வெட்டிவிட்டுப் புது உறவு தேடுகிறவர்களுக்கும் இதுவே நடக்கிறது.

குடும்பத்தாரே, இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது கபடம். அந்த வீட்டிலே இரண்டு கிறிஸ்துமஸ் விருந்தில் நான் உட்கார்ந்தேன். முதல் வருஷம் ஒரு மகனுடைய நாற்காலி காலி. இரண்டாம் வருஷம் இருவருடையதும் காலி. நான் பிரியாணி நன்றாயிருக்கிறது என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. கோயில் காரியத்துக்குத் தாராளமாய்க் கொடுக்கும் குடும்பம், எதற்குப் புண்படுத்துவது என்று மனம் சொன்னது. அதற்குப் பெயர் மரியாதை என்று நினைத்தேன். அது மரியாதை அல்ல, பயம். குளத்தை மந்திரித்த கைதான், அது பச்சை பிடித்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. இதைப் பெரியவரிடமும் சொன்னேன். என் ஆத்தும குருவிடமும் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லுகிறேன்.

யெருசலேமில் ஆட்டு வாசல் அருகே ஐந்து மண்டபங்களுள்ள ஒரு குளம் இருந்ததாக அருளப்பர் சுவிசேஷம் கூறுகிறது. அந்த இடம் 19ஆம் நூற்றாண்டிலே அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் ஆலயத்தின் அருகே தோண்டியபோது வெளிப்பட்டது. அங்கே 38 வருஷமாய் நோயுற்றிருந்த ஒருவன் கிடந்தான். நம் ஆண்டவர் அவனிடம் குணமாக விருப்பமா என்று கேட்டார். அவனோ, தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆள் இல்லை என்று முறையிட்டான். நம் பெரியவரின் குறை அதற்கு நேர் எதிர்: குளம் இருக்கிறது, இறங்க ஆள் இல்லை. இரண்டு குறைக்கும் ஆண்டவருடைய பதில் ஒன்றுதான். யாராவது வரட்டும் என்று காத்திராதே, எழுந்து நட.

பெரியவர் எழுந்து நடந்தார். தண்ணீர் தெளிந்த ஐந்தாம் நாள், எழுபது வயதுக்கு மேற்பட்ட அந்த மனிதர், பாகப்பிரிவினையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மூத்த மகன் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனார். மறுவாரம் இளைய மகன் வீட்டுக்கும் போனார். நானும் உடன் போனேன். போக வேண்டியவன் நான். மூத்தவர் தம் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பிள்ளைகள் குளத்தில் இறங்கினார்கள். இளையவர் இன்னும் வரவில்லை. வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார், அவ்வளவுதான். பொய்யான முடிவை எழுத எனக்கு மனமில்லை. கறுப்புப் பாசிக்கு நாள் பிடிக்கும். பெரியவர் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீரடித்து நீர் விலகாது என்று நம் முன்னோர் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வேலை தருகிறேன். முதலாவது, மாடித் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். வெளிச்சம் புகும் இடம் இருந்தால் அடையுங்கள். பாசி இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். கொசு புகாதபடி மூடி வையுங்கள். இரண்டாவது, இராத்திரி ஜெபத்தின்போது நம் வீட்டோடு பேச்சு நின்றுபோனவர் பெயரைப் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லி அவருக்காக வேண்டுங்கள். மூன்றாவது, பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவருடைய கட்டளையை நினைத்து, பாஸ்குப் பண்டிகைக்கு முன் ஒரு படி ஏறுங்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். பொழுது சாயும் நேரம். மருந்து போட ஏற்ற நேரம்.

தேவமாதா உங்கள் குடும்பங்களைக் காப்பார்களாக.

உங்கள் பங்குச் சுவாமியார்